குட்டி யானைக்கு மைலேஜ் விதி வருமா? சுமை தூக்குபவனை மறந்த சட்டம்

தி.நகர் உஸ்மான் சாலையில் கடைகள் திறப்பதற்கு முந்தைய காலை நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஜவுளிப் பொதிகள், பாத்திரக் கட்டுகள், பிளாஸ்டிக் சாமான்கள், வாஷிங் மெஷின்கள் என எல்லாமே சின்னஞ்சிறு லோடு வண்டிகளில் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். மயிலாப்பூர் மாட வீதிகளுக்குக் கோயம்பேட்டிலிருந்து காய்கறி வருவதும், அடையாறில் வீடு மாறும் குடும்பத்தின் கட்டிலும் பீரோவும் போவதும் இதே வண்டிகளில்தான். நம் வீட்டுத் திருமணங்களில் பிரியாணி தேக்சாக்களும் விறகும் அரிசி மூட்டைகளும் மண்டபத்துக்கு வந்து சேர்வதும், ரமலானில் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சிக்கான சாமான்கள் வருவதும், பக்ரீதுக்கு ஆடுகள் வருவதும் அப்படித்தான்.

இந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் 'குட்டி யானை'. 2005இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அதன் சுமைத்திறன் 750 கிலோ. இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி டீசல் என்ஜின். பெரிய லாரி நுழைய முடியாத தெருவில் நுழையும். மூன்று சக்கர வண்டி இழுக்க முடியாத பாரத்தை இழுக்கும். 2011இல் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட் நிறுவனம் 'தோஸ்த்' வண்டியைக் கொண்டுவந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் பரவியது. இன்று சென்னை நகரத்தின் சரக்கு இந்த வகை வண்டிகளின் முதுகில்தான் ஓடுகிறது.

இப்படி ஒரு நகரத்துக்கே சோறு சுமக்கும் வண்டிக்கு, 'ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டராவது ஓட வேண்டும்' என்று தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் இருக்கிறதா? காருக்கு இருக்கிறது. பெரிய லாரிக்கும் இருக்கிறது. குட்டி யானைக்கு மட்டும் இல்லாமலேயே இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பது யார் என்பதே நம் கேள்வி.

காருக்கு ஒரு விதி, லாரிக்கு ஒரு விதி

எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2001இன் கீழ், மத்திய மின்துறையைச் சேர்ந்த எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) கார்களுக்கான எரிபொருள் சிக்கன விதிகளை வகுக்கிறது. இதை 'கேஃபே' விதி என்கிறார்கள். ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் விற்கும் எல்லா கார்களின் சராசரியை எடுத்து, அது வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதன் அடிப்படை. 2017 ஏப்ரலில் முதல் கட்டம் தொடங்கியபோது, கிலோமீட்டருக்குச் சராசரியாக 130 கிராம் கரியமில வாயு என்பது வரம்பு. 2022இல் இரண்டாம் கட்டத்தில் அது 113 கிராமாக இறுக்கப்பட்டது. பெட்ரோல் காருக்கு இதை மைலேஜாக மாற்றிச் சொன்னால், லிட்டருக்குச் சுமார் 21 கிலோமீட்டர்.

மீறும் நிறுவனத்துக்கு அபராதமும் உண்டு. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 100 கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் வரை வரம்பை மீறினால் விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் 25,000 ரூபாய். அதற்கு மேல் மீறினால் 50,000 ரூபாய். நிறுவனங்கள் நிதானமாக யோசிக்க வைக்கும் தொகை இது.

12 டன்னுக்கு மேற்பட்ட டீசல் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் 2017இல் தனி விதி அறிவிக்கப்பட்டது. 3.5 முதல் 12 டன் வரையிலான வண்டிகளுக்கு 2019இல் அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின என்றாலும் விதி என்று ஒன்று இருக்கிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஆட்களை ஏற்றும் கார் ஒரு பக்கம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி மறு பக்கம். நடுவில் இருப்பது 3.5 டன்னுக்குள் அடங்கும் சரக்கு வண்டி. அரசு ஆவணங்களில் இதன் பெயர் 'என்1' வகை. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இதில்தான் வரும். புகை மாசுக்கான பிஎஸ்-6 விதி இவற்றுக்கு உண்டு. எரிபொருள் சிக்கனத்துக்கான விதி இல்லை. கார்களுக்கான மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்குவதாகத் திட்டம். அதை ஒட்டி இந்த வகைக்கும் வரம்பு வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஆகவே, இது எப்படி அமைய வேண்டும் என்று நம் தரப்பைச் சொல்ல வேண்டிய நேரமும் இதுவே.

மைலேஜ் கணக்கில் மறைந்திருக்கும் உண்மை

'காருக்கு விதி போட்டால் போதாதா, சிறு சரக்கு வண்டிக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு இதற்குப் பதில் சொல்லும்.

நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு வண்டி ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் காரை 25 கொடுக்கும்படி மேம்படுத்தினால், 900 லிட்டர் செலவு 720ஆகக் குறையும். மிச்சம் 180 லிட்டர். அதே தூரம் ஓடும் லோடு வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது. அதை 12ஆக உயர்த்துகிறோம் என்று வைப்போம். 1,800 லிட்டர் செலவு 1,500ஆகும். மிச்சம் 300 லிட்டர்.

காரில் கூடியது 5 கிலோமீட்டர். லோடு வண்டியில் கூடியது வெறும் 2 கிலோமீட்டர். ஆனாலும் லோடு வண்டியில்தான் அதிகம் மிச்சமாகிறது! குறைந்த மைலேஜில் இருக்கும் வண்டியைச் சற்று மேம்படுத்தினாலே பலன் அதிகம் என்பதுதான் இதன் சாரம். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 300 லிட்டருக்கு 27,600 ரூபாய். கார் வைத்திருப்பவருக்கு இது ஒரு சிறு சேமிப்பு. வாடகைக்கு வண்டி ஓட்டும் சகோதரருக்கு இது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அல்லது வண்டியின் ஆண்டு இன்சூரன்ஸ்.

காலி வண்டிக்குச் சோதனை, பார வண்டிக்கு வாழ்க்கை

விதி வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இலகுரக வண்டிகளுக்கு இந்தியாவில் நடக்கும் சோதனை, ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டிப் பார்ப்பது. வண்டியின் வெற்று எடையோடு ஓட்டுநர் அளவுக்குச் சிறு எடை சேர்த்து, ஏறக்குறைய காலி வண்டியாகவே அளக்கிறார்கள். பெரிய லாரிகளை 40, 60 கிலோமீட்டர் என்ற நிலையான வேகத்தில் ஓட்டி அளக்கிறார்கள். பாண்டி பஜாரிலும் ராயப்பேட்டையிலும் நிலையான வேகத்தில் ஓடும் வண்டியை யாராவது பார்த்ததுண்டா? சிக்னலுக்குச் சிக்னல் நின்று, முதல் கியரில் முக்கி முனகிக் கிளம்புவதுதான் நம் லோடு வண்டியின் தினசரி.

50 கிலோ வெங்காய மூட்டை பதினைந்தை ஏற்றினாலே 750 கிலோ ஆகிவிடும். அதன்பின் ஷோரூமில் சொன்ன மைலேஜுக்கும் பங்க்கில் கொடுக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இருக்காது. உலக அளவில் பின்பற்றப்படும் டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனை முறையில் சரக்கு வண்டிக்கு அதன் சுமைத்திறனில் 28 சதவீத எடையை ஏற்றி அளக்கிறார்கள். காலி வண்டிச் சோதனையைவிட இது மேல். ஆனாலும் முழு பாரத்துக்கு இது ஈடாகாது.

தவறான சோதனையால் நுகர்வோர் ஏமாறுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று உண்டு. காலி வண்டியின் மைலேஜை மட்டும் பார்த்து வரம்பு வைத்தால், தயாரிப்பாளருக்கு மிக எளிதான வழி என்ன? சேஸிஸை இலேசாக்குவது, என்ஜினைச் சின்னதாக்குவது, கியரை உயர்வேகத்துக்கு ஏற்றபடி அமைப்பது. காகிதத்தில் மைலேஜ் உயரும். பாரம் ஏற்றினால் வண்டி திணறும், என்ஜின் சூடாகும், கிளட்ச் தேயும். 'மைலேஜ் விதி வந்தால் வண்டி இழுக்காது' என்று வண்டிக்காரர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது என்பதை விதி எழுதுபவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா கற்றுத்தரும் பாடம்

'பாரம் இழுக்கும் வண்டிக்குச் சலுகை வேண்டும்' என்ற வாதம் புதிதல்ல. அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக நடக்கும் வாதம் அது.

1973 அக்டோபர் போரின்போது அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. அமெரிக்காவில் பங்க்குகளில் வரிசை நீண்டது. அந்த அதிர்ச்சியில்தான் 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் பிறந்தது. நாம் பின்பற்றும் 'கேஃபே' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1985க்குள் கார்கள் ஒரு கேலனுக்கு 27.5 மைல் கொடுக்க வேண்டும் என்றார்கள். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர். ஆனால் பிக்கப் போன்ற 'இலகுரக டிரக்'குகள் விவசாயிக்கும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் தேவை என்பதால் தளர்ந்த வரம்பு கொடுத்தார்கள். 1996 முதல் 2004 வரை அது கேலனுக்கு 20.7 மைலிலேயே நின்றது.

விளைவு என்ன? நிறுவனங்கள் அந்தச் சலுகைக் கதவு வழியே குடும்ப வண்டிகளை நுழைத்தன. எஸ்யூவி என்ற பெயரில் வந்த பல வண்டிகள் சட்டத்தின் கண்ணில் 'டிரக்' ஆயின. 1975இல் அங்கே விற்ற இலகுரக வண்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் டிரக் வகை. இன்று 60 சதவீதத்துக்கும் மேல். மூட்டை சுமப்பவனுக்காகத் திறந்த கதவில், மளிகை வாங்கப் போகிறவர்கள் நுழைந்துகொண்டார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் வரம்பை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டது. விதி ஏட்டில் இருக்கிறது, பல் பிடுங்கப்பட்டுவிட்டது.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட இழுபறிகள் தொடங்கிவிட்டன. 2025 செப்டம்பரில் வெளியான மூன்றாம் கட்ட வரைவில் 909 கிலோவுக்குக் குறைவான சிறிய கார்களுக்குச் சலுகை சேர்க்கப்பட்டது. சிறிய கார்களை அதிகம் விற்கும் மாருதி அதை வரவேற்றது. டாடா, மஹிந்திரா போன்றவை எதிர்த்தன. யாருடைய காருக்குச் சலுகை என்று பெரிய நிறுவனங்கள் டெல்லியில் வாதாடுகின்றன. கோயம்பேட்டிலிருந்து மயிலாப்பூருக்குத் தக்காளி ஏற்றி வருபவருக்காக அங்கே வாதாட யார் இருக்கிறார்கள்?

நல்ல முன்மாதிரியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் சரக்கு வேன்களைக் காரோடு கலக்கவில்லை. அப்படியே விட்டுவிடவும் இல்லை. 2011இல் தனி விதி இயற்றி, 2017க்கு 175 கிராம், 2020க்கு 147 கிராம் எனப் படிப்படியாக இறுக்கியது. எண்ணெய் வளம் கொழிக்கும் சவூதி அரேபியாவே 2016 ஜனவரி முதல் கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் எரிபொருள் சிக்கன விதியை நடைமுறைப்படுத்துகிறது. தோண்டினால் எண்ணெய் வரும் நாடே சிக்கனம் பார்க்கும்போது, கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாம் அலட்சியமாக இருக்கலாமா?

மின்வண்டி தீர்வாகுமா?

'பெட்ரோல், டீசல் பேச்சே எதற்கு? மின்சார வண்டி வாங்கலாமே' என்று சொல்வது சுலபம். 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோ அறிமுகமானபோது பெட்ரோல் வண்டி 3.99 லட்சம், மின்வண்டி 6.50 லட்சம். இரண்டுக்கும் சுமைத்திறன் 750 கிலோதான். இடைவெளி 2.51 லட்சம் ரூபாய்.

ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் எரிபொருள் செலவு சுமார் 1 லட்சம். மின்வண்டிக்கு 3,000 யூனிட், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 30,000 ரூபாய். ஆண்டுக்கு 70,000 மிச்சம். மூன்றரை ஆண்டில் கூடுதல் விலை திரும்பிவிடும். காகிதத்தில் அருமையான கணக்கு.

ஆனால் அந்த 2.51 லட்சத்தை முதல் நாளே எங்கிருந்து கொண்டுவருவது? நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினால் வட்டி. வட்டியை விட்டு விலகி நிற்க நினைக்கும் நம் குடும்பங்கள் பல, கையில் இருக்கும் ரொக்கத்துக்கு எது கிடைக்குமோ அதைத்தான் வாங்குகின்றன. அது பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய பழைய டீசல் வண்டி. எரிபொருளை அதிகம் குடிப்பதும் அதுதான். வட்டிக்கு அஞ்சியவர் அந்தப் பணத்தைப் பங்க்கில் கொட்டிக்கொண்டிருக்கிறார். இது நம் சமூகம் கவனிக்க வேண்டிய இடம்.

அரசின் மானியமும் இங்கே கைகொடுக்கவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய 10,900 கோடி ரூபாய் 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் இருசக்கர வண்டிக்கு இடம் தரப்பட்டது, மூன்று சக்கர சரக்கு வண்டிக்குத் தரப்பட்டது, 3.5 டன்னுக்கு மேற்பட்ட மின் லாரிக்கும் தரப்பட்டது. நடுவில் நிற்கும் நான்கு சக்கரக் குட்டி யானைக்கு இல்லை. விதியிலும் நடுவில் விடுபட்டது; மானியத்திலும் நடுவில் விடுபட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது வண்டி வாங்குவோருக்கு நிம்மதிதான். ஆனால் மின்வண்டிக்கு ஏற்கெனவே 5 சதவீதம்தான் என்பதால் அதன் விலை குறையவில்லை. பெட்ரோல் வண்டிக்கும் மின்வண்டிக்குமான இடைவெளி இன்னும் விரிந்தது.

என்ன கேட்க வேண்டும்?

விதியே வேண்டாம் என்பது வண்டிக்காரருக்கு நன்மை செய்யாது. விதி இல்லாத காலத்தில் அவர் செலவு குறையவில்லை. எந்த விதி, எப்படி என்பதே கேள்வி.

முதலாவது, 3.5 டன்னுக்குள் வரும் சரக்கு வண்டிக்குக் காரோடு கலக்காத தனி வரம்பு வேண்டும். அது வண்டியின் எடையை மட்டும் பார்க்காமல் சுமைத்திறனையும் பார்க்க வேண்டும். 750 கிலோ ஏற்றும் வண்டியையும் ஒன்றரை டன் ஏற்றும் வண்டியையும் ஒரே கோலால் அளப்பது நியாயமல்ல.

இரண்டாவது, காலியாக, பாதி பாரத்தில், முழு பாரத்தில் எவ்வளவு மைலேஜ் என்று மூன்று எண்களையும் ஷோரூமிலேயே எழுதி ஒட்ட வேண்டும். ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் ஒட்டும் நாட்டில் இது முடியாத காரியமல்ல.

மூன்றாவது, சலுகைக் கதவில் கார்கள் நுழையாதபடி பூட்டு வேண்டும். இரட்டை வரிசை இருக்கை வைத்த ஆடம்பர பிக்கப்பும், மூட்டை ஏற்றும் குட்டி யானையும் ஒன்றல்ல.

நான்காவது, மின்வண்டி மானியத்தில் விடுபட்ட இந்த நடுத்தர வகையைச் சேர்க்க வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. பல ஊர்களில் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் தையல் இயந்திரத்துக்கும் ஆட்டோவுக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்து வருகின்றன. பெட்ரோல் வண்டிக்கும் மின்வண்டிக்கும் இடையிலான அந்தக் கூடுதல் தொகையை மட்டும் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால் என்ன? மாதம் மிச்சமாகும் ஐந்தாறாயிரத்திலிருந்தே அது திரும்பிவிடும். அடுத்தவருக்கும் சுழலும். கொடுக்கும் முன் ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டம், இரவில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நீண்ட ஓட்டம் உள்ளவருக்கு மின்வண்டி இன்னும் ஏற்றதல்ல, அவருக்கு சி.என்.ஜி. வண்டி பொருந்தலாம்.

வண்டி வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'இன்னும் நாலு மூட்டை' என்று ஏற்றும் ஒவ்வொரு முறையும் டீசல், டயர், பிரேக் மூன்றும் சேர்ந்து கரைகின்றன. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு நாள் பிடிபட்டால் ஒரு மாத உழைப்பு போய்விடும். டயர் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது, சரக்கு இறக்கும்போது என்ஜினை அணைப்பது, திரும்பும் ஓட்டத்துக்கும் லோடு பேசிவைப்பது ஆகியவை பைசா செலவில்லாத சிக்கனங்கள்.

வாடகை பேசும் நாமும் யோசிக்க வேண்டும். திருமணத்துக்குத் தேக்சா ஏற்ற ஒரே வண்டியைப் பேசிவிட்டு, இரண்டு வண்டிப் பாரத்தை அதில் திணிப்பது நாம்தான். ஐநூறு ரூபாய் நமக்கு மிச்சம். அதன் செலவு அந்த ஓட்டுநரின் வண்டியில் ஏறுகிறது. அடுத்தமுறை பேரம் பேசும்போது, அவர் பங்க்கில் கொடுக்கப்போகும் பணத்தையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.